தலைகீழாகக் கடந்துபோன சத்துவாச்சாரி

எனக்குப் படிப்பு இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனி என்னிடம் மெய்யாக மதிப்பது என் மூக்கை மட்டும்தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உப்புப் போட்ட பச்சைத் தோல் கண்டெய்னரில் சென்னைத் துறைமுகத்துக்கு வருகிறது. அங்கிருந்து டிரெய்லரில் ராணிப்பேட்டைப் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரிகளுக்குப் போகிறது. தோலை இறக்கியதும் காலிப் பெட்டி மறுபடி சென்னைக்குத் திரும்பும். அதே சமயம் ஆம்பூரில் எங்கள் ஷூக்களை ஏற்றிக்கொள்ள இன்னொரு காலிப் பெட்டி சென்னையிலிருந்து கிளம்பி வரும். இரண்டும் ஸ்ரீபெரும்புதூருக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ ஒன்றையொன்று பார்த்துக் கடந்துபோகும். இரண்டுக்குள்ளும் காற்று. சென்னைக் காற்றை இங்கே கொண்டுவந்து, இங்கத்திக் காற்றைச் சென்னைக்குக் கொண்டுபோகும் இந்த வியாபாரம் பல வருஷம் யாரையும் உறுத்தாமல் நடந்தது.

எங்கள் எக்ஸ்போர்ட் மேனேஜரைத்தான் அது உறுத்தியது. கம்பெனி முழுக்க அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடும். ஒரு நாள் டீ ஆறிப்போகும்வரை யோசித்துவிட்டு, "இன்னாத்துக்குப்பா இந்த அலைச்சல்? ராணிப்பேட்டைல காலியாவற பொட்டிய நேரா இங்க இட்டாந்துட்டா முடிஞ்சிது. டீசலும் கம்மி, பேஜாரும் கம்மி" என்றார்.

மறுக்க முடியாத யோசனை. ஒரே ஒரு சிக்கல்: பச்சைத் தோல் வந்த பெட்டியில் ஷூ போனால், ஐரோப்பாவில் யாரோ ஒரு சீமாட்டி அட்டைப்பெட்டியைத் திறந்து ராணிப்பேட்டையை முகர நேரிடும். அதனால் பெட்டியைக் கழுவி, காயவைத்து, நாற்றம் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். முதல் பெட்டியை எங்கள் கோடவுன் ஆட்கள் நாலைந்து பேர் உள்ளே போய் முகர்ந்து பார்த்துவிட்டு, ஒருமனதாக "ஒரு நாத்தமும் இல்ல" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து டேனரிக் காற்றைச் சுவாசிக்கிற மூக்குக்கு அது நாற்றமே இல்லை, அதுதான் காற்று. அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்த ஊரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பாய் அதை எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. படிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தோம், போதுமானதாக இருந்தது.

அப்போதுதான் வெளியூர் மூக்குக்குத் தேவை வந்தது. நான் சத்துவாச்சாரிக்காரன். தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைப்பவன் என்று ஆபீஸில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதுவரை கேலிக்கு மட்டுமே பயன்பட்ட அந்தக் கர்ச்சீப் ஒரே நாளில் தகுதிச் சான்றிதழாகிவிட்டது. ஷிப்பிங் செக்‌ஷனில் மேசை நாற்காலியோடு உட்கார்ந்திருந்த நான், காலிப் பெட்டிகளுக்குள் போய் மூச்சை இழுத்து விடும் உத்தியோகஸ்தனாக உயர்ந்தேன்.

வேலை இதுதான். ராணிப்பேட்டை டேனரிக்கே போய், கழுவிய காலிப் பெட்டிக்குள் நான் ஏறுவேன். வெளியே ஒருவர் இரண்டு கதவையும் சாத்திக் கைப்பிடியை மாட்டுவார். உள்ளே கும்மிருட்டு. முதலில் ஓட்டை பார்ப்பது. சுவரிலோ கூரையிலோ எங்காவது ஊசிமுனை அளவு துவாரம் இருந்தாலும் நட்சத்திரம் மாதிரி மின்னும். மின்னினால் அந்தப் பெட்டி தேறாது. கடலில் போகும்போது தண்ணீர் இறங்கி ஷூவெல்லாம் பூசணம் பிடித்துவிடும். ஒன்றுமே தெரியாவிட்டால் பெட்டி நல்ல பெட்டி. அதற்குக் கொஞ்ச நேரம் போதும். அடுத்தது நாற்றம். அதற்கு நேரம் ஜாஸ்தி. மூடின பெட்டி வெயிலில் சூடாகி, தரைப் பலகைக்குள் ஒளிந்திருக்கும் வாடை மெல்ல எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒளிந்திருப்பவன் தானாக வெளியே வரட்டும் என்று காத்திருக்கும் போலீஸ்காரர் மாதிரி.

கண்டெய்னர் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. சரக்கு எதற்கு நடுவழியில் இறங்கப் போகிறது என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். ஆகவே நான் உள்ளிருந்து தட்டினால், வெளியே நிற்பவர் திறக்க வேண்டும்.

நானாகச் சேர்த்துக்கொண்ட நடைமுறைகள் இரண்டு. ஒன்று, செல்போனை உள்ளே கொண்டுபோக மாட்டேன். கையில் இருந்தால் பார்ப்பேன், பார்த்தால் கண்ணுக்கு இருட்டுப் பழகாது. வெளியே நிற்பவரிடம் கொடுத்துவிடுவேன். இரண்டு, உள்ளே ஏறுவதற்கு முன்பே கதவில் சாக்பீஸால் 'ஓகே' என்று எழுதிவிடுவேன். தேறாவிட்டால் வந்து அழித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் தேறிவிடும் என்பதால், வியர்த்து வழிய வெளியே வந்து சாக்பீஸைத் தேடும் சிரமம் மிச்சம். திறமையான நிர்வாகம் என்று இதைப் பற்றி நான் பாயிடம் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன்.

அன்று கோடை. ராணிப்பேட்டை டேனரி ஒன்றில் தோலை இறக்கிக் கழுவிக் காயவைத்த பெட்டி, டிரெய்லர் மேலேயே தயாராக நின்றது. டிரைவர் பின்பக்கம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் செங்கம் பக்கத்துக்காரர் என்பதும், எங்கள் லைனுக்குப் புதிது என்பதும் பிறகு தெரிந்தது. கதவு சாத்த டேனரியின் லோடுமேன் ஒருவர் வந்தார். போனை அவரிடம் கொடுத்தேன்.

"மூடட்டா சார்?"

"மூடுப்பா. தட்டுனா தொற."

"தட்டலன்னா?"

"தட்டலன்னா செத்துட்டேன்னு அர்த்தம். அப்பவும் தொற."

"ரெண்டுக்கும் தொறக்கணுமா? சரி சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கதவு சாத்தப்பட்டது.

கண் பழகியதும் தெரிந்தது: இடது பக்கச் சுவரில், என் நெஞ்சு உயரத்தில், துவரம்பருப்பு அளவில் ஒரு ஓட்டை. பெட்டி தேறாது. அப்போதே தட்டியிருக்கலாம். ஆனால் வந்ததுதான் வந்தோம், நாற்றத்தையும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை முழுதாகக் கொடுப்போமே என்று ஒரு கடமையுணர்ச்சி. கண்ணை மூடிக்கொண்டு மூக்கை நிமிர்த்தி நின்றேன்.

பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. நான் உட்கார்ந்தேன். உட்கார வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

வெளியே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். தோல் லோடோடு அடுத்த டிரெய்லர் கேட்டுக்குள் வந்துவிட்டது. அதை ரிவர்ஸில் விடுவதற்குச் சூப்பர்வைசர் லோடுமேனைக் கூப்பிட்டார். லோடுமேன் ஓடினார். முகம் துடைத்தபடி வந்த டிரைவரைப் பார்த்து, "வண்டிய எடுப்பா, எடம் அடச்சிகிட்டு" என்று அதே சூப்பர்வைசர் கத்தினார். டிரைவர் பின்னால் போய்ப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. என் கையெழுத்தில், கொட்டை கொட்டையாக, 'ஓகே' என்று இருந்தது. எடுத்துவிட்டார்.

முதலில் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்துகிறார்கள் என்று நினைத்தேன். அப்படியே நம்பி, தரையில் உட்கார்ந்தபடி, மரியாதையாகத் தட்டினேன். பிறகு இன்னொரு கியர் விழுந்தது. பிறகு இன்னொன்று. மரியாதையை விட்டுவிட்டு எழுந்து ஓடி, கதவை இரண்டு கையாலும் குத்தினேன், கத்தினேன். என் குரல் எதிர்ச்சுவருக்குப் போய் என்னிடமே திரும்பி வந்தது. அவ்வளவு நீளமான பெட்டியில் நான் கதவுப் பக்கம். டிரைவர் இன்னொரு கோடியில், சுவருக்கு அப்பால், தனி கேபினில், இன்ஜின் சத்தத்துக்கு மேலே பாட்டு வைத்திருப்பார். வைக்காத டிரைவரை நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் சக்கரத்தின் ஓசை மாறி, டக் டக் என்று சீராக இணைப்புகள் தாண்டும் சத்தம் கேட்டது. பாலாற்றுப் பாலம். பாலம் என்றால் பைபாஸ். பைபாஸ் என்றால் ஆம்பூர்வரை யாரும் வண்டியை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

பயத்தைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். போர்க்களம், கப்பல் விபத்து, சிறைச்சாலை, எல்லாவற்றையும் ஃபேனுக்குக் கீழே சாய்ந்துகொண்டு படித்திருக்கிறேன். எதிலும் பயந்தவனுக்கு ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வரும் என்று எழுதியிருக்கவில்லை. எழுதியவர்கள் யாரும் பயந்ததில்லை போலிருக்கிறது.

சூடு ஏறிக்கொண்டிருந்தது. சுவரில் கை வைத்தால் தோசைக்கல். சட்டையைக் கழற்றினேன். கண்டெய்னரின் மேல் மூலைகளில் காற்றுக்குச் சின்னச் சின்ன வழிகள் உண்டு, மூச்சு முட்டிச் சாகமாட்டேன் என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு மூச்சையும் இதுதான் கடைசிப் பந்தி என்பதுபோல நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது. வெளிநாடுகளில் பெட்டிகளைத் திறந்தபோது உள்ளே கிடந்தவர்களைப் பற்றிய செய்திகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அந்தச் செய்திகளையெல்லாம் பக்கம் திருப்பிவிட்டு விளையாட்டுச் செய்திக்குப் போனதும் ஞாபகம் வந்தது.

இதைவிட மோசமான கணக்கு ஒன்று இருந்தது. ஆம்பூர் போய்ச் சேர்ந்தாலும் பெட்டியை உடனே திறக்க மாட்டார்கள். 'ஓகே' எழுதிய பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. டிரெய்லரை வரிசையில் வெயிலில் நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போவார்கள். மாலையில் கார்ட்டன்கள் தயாரானதும் கதவைத் திறப்பார்கள். என் மூக்கு ஏற்கெனவே சான்றளித்த பெட்டியில் நாற்றம் இருக்கும். இந்த முறை கோடவுன் ஆட்களுக்கே தெரியும்.

இதற்கிடையில் பாய் என் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார். லோடுமேன் எடுத்திருக்கிறார்.

"சார் போன மறந்து வுட்டுட்டு வண்டிலயே போயிட்டாரு பாய்."

"வண்டிலயா? கேபின்லயா?"

"பின்ன? கேபின்லதான் போயிருப்பாரு."

"சரி சரி, வரட்டும்."

டிரைவரே கதவைத் திறந்து என்னை இறக்கியிருப்பார் என்று லோடுமேன் நினைத்துவிட்டார்; படித்தவர்கள் மறதிக்காரர்கள் என்பது அவருடைய கருத்து. அதற்கு எதிராக நான் எந்த ஆதாரமும் விட்டுவைக்கவில்லை. ஆக, நான் காணாமல் போனதே யாருக்கும் தெரியாது.

கத்துவதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. இடது சுவருக்கு முதுகைக் காட்டி, சூடு பொறுக்காமல் ஒரு அடி தள்ளி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே வலது சுவரில் ஏதோ ஊர்ந்தது. மயக்கம் வருகிறது என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இன்னும் ஊர்ந்தது. மங்கலாக, நிறம் நிறமாக.

கீழே வெளிர்நீலம். மேலே மண் நிறம். நடுவில் பச்சையும் வெள்ளையும் சிவப்புமாக ஏதேதோ ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மோட்டார் சைக்கிள், சக்கரம் மேலே இருக்க, ஓட்டுபவர் தொங்கிக்கொண்டு போனார்.

அந்தத் துவரம்பருப்பு ஓட்டைதான். இருட்டறையில் ஒரு துவாரம் இருந்தால் வெளியே இருப்பது எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். பழைய காலத்து ஓவியர்கள் இப்படித்தான் படம் பிடித்தார்கள் என்று எங்கோ படித்தபோது, ஆஹா என்று ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். இப்போது ஆஹா வரவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. வண்டி முன்னால் போகப் போக, சுவரில் இருந்த உலகம் பின்னால் போகாமல் அதுவும் முன்னால் போனது. எல்லாரும் என்னை முந்திக்கொண்டு போனார்கள்.

பிறகு குன்று வந்தது. உச்சி கீழே தொங்க, அடிவாரம் மேலே ஒட்டியிருக்க, பாறையும் புதருமாக. அதை எப்படித் திருப்பிப் போட்டாலும் எனக்குத் தெரியும். சத்துவாச்சாரி. கடைப் பலகைகள், ஒரு பள்ளிக்கூட பஸ், மாடி மேல் மாடியாக வீடுகள், எல்லாம் வானத்தில் தலையை ஊன்றி நின்றன. இந்த வீடுகளுக்குப் பின்னால், ஐந்து நிமிஷ நடையில், என் வீடு. இந்நேரம் மனைவி மொட்டை மாடியில் காயப்போட்ட வத்தலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பாள். குடையை எடுத்துக்கிட்டுப் போங்க, வெயில் ஜாஸ்தி என்று காலையில் சொன்னாள். நான் நாள் முழுக்க நிழலில்தானே இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுந்துபோய் அந்தச் சுவரில், அந்த வீடுகள் மேல், இரண்டு கையையும் வைத்தேன். என் கை மேல் வீடுகள் ஓடின. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் 'இந்தா' என்றே கூப்பிட்டுப் பழகியவன், பெயரை அங்கே சொன்னேன். குன்று நழுவிக் கடந்தது. அழுதேன். அதை நாகரிகமாக எழுத வழி தெரியவில்லை.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நிதானமானபோது பாய்ந்து எழுந்து கதவை அடித்தேன். முன்பெல்லாம் அங்கே வரிசையில் நின்று சில்லறைக்குச் சண்டை போட்டு மணிக்கணக்காகக் காத்திருப்போம். அதைத் திட்டி நான் ஒரு பத்திரிகைக்குக் கடிதம்கூட எழுதியிருக்கிறேன். இப்போது கண்ணாடியில் ஒட்டிய வில்லையைப் பார்த்ததும் தடுப்பு தானாகத் தூக்கிக்கொள்கிறது. தூக்கிக்கொண்டது. வண்டி வேகம் எடுத்தது. நாட்டின் முன்னேற்றத்தை அதற்கு முன்போ பின்போ நான் அவ்வளவு வெறுத்ததில்லை.

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், நான் நம்பிக்கையே இல்லாமல் படுத்திருந்தபோது, வண்டி ஓரம் கட்டி நின்றது. இன்ஜின் அணைந்தது.

சுவரில் படமும் நின்றுவிட்டது. நின்ற படம் தெளிவாக இருந்தது. ஒரு ஓலைக் கொட்டகை தலைகீழாக. சாப்பாட்டுக் கடை. ஒரு சிவப்புப் புடவை, கடைக்காரம்மாவாக இருக்கும், அங்கும் இங்கும் போய்வந்தது. நீலச் சட்டை போட்ட ஒரு உருவம் கால் மேலே தலை கீழே நடந்து கொட்டகைக்குள் போனது. எங்கள் டிரைவர்.

"ஐயா! டிரைவரே! யாராவது தொறங்க!"

தொண்டையிலிருந்து வந்தது வெறும் காற்று. செருப்பைக் கழற்றிச் சுவரில் அடித்தேன். ஷூ ஏற்றுமதி செய்யும் கம்பெனியின் ஊழியன் காலில் போட்டிருந்தது தேய்ந்த ரப்பர் செருப்பு. எங்கள் கம்பெனியின் குதிகால் வைத்த ஷூ ஒரு ஜோடி இருந்திருந்தால் அந்தச் சத்தத்துக்கு ஊரே கூடியிருக்கும். ரப்பர் செருப்பு, குழந்தையின் கன்னத்தில் தட்டுவதுபோல, பொத் பொத் என்றது. பைபாஸில் பஸ்ஸும் லாரியும் இரைந்துகொண்டு போயின. வெயிலில் காய்ந்த தகரம் வேறு தானாகவே படக் படக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எந்தச் சத்தம் நான், எந்தச் சத்தம் வெயில் என்று வெளியே யாருக்குத் தெரியும்?

வண்டி ஓடாததால் இருந்த கொஞ்சக் காற்றும் நின்றுவிட்டது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வியர்வை நின்றுபோனதைக் கவனித்தேன். அது நல்லதல்ல என்று தெரிகிற அளவுக்குப் படித்திருந்தேன்.

நீலச் சட்டை கொட்டகையிலிருந்து வெளியே வந்து கை கழுவியது. கிளம்பிவிடுவார், கிளம்பினால் காற்றாவது வரும் என்று நினைத்தேன். அவர் கேபின் பக்கம் போய், கையில் ஒரு துணிச் சுருளோடு திரும்பி, படத்தின் விளிம்பைத் தாண்டி மறைந்தார். அந்தத் துணியை எனக்குத் தெரியும். டிரெய்லர் டிரைவர்கள் எல்லாரும் வைத்திருப்பார்கள். வண்டிக்கு அடியில், நிழலில், இரண்டு கம்பிக்கு நடுவில் தூளி கட்டிப் படுப்பதற்கு. சாப்பிட்டவுடன் ஒரு தூக்கம். வெயில் தாழ்ந்ததும் கிளம்புவார்.

என் காலுக்குக் கீழே, ஒரு பலகை தூரத்தில், அவர் தூங்கப்போகிறார். நான் மேலே வேகப்போகிறேன்.

தரையை அடித்தேன். கையால், செருப்பால், முழங்கையால். கீழே பாட்டு சன்னமாகக் கேட்டது. போனைத் தலைமாட்டில் வைத்திருக்கிறார். நெற்றியைத் தரையில் வைத்துப் படுத்தேன். விரலில் ஏதோ குத்தியது. தென்னங்குச்சி. பெட்டியைக் கூட்டிய துடைப்பத்திலிருந்து உதிர்ந்தது.

அதை எடுத்துக்கொண்டு தவழ்ந்துபோய் ஓட்டைக்குள் நுழைத்து ஆட்டினேன்.

நுழைத்த கணமே படம் போய்விட்டது. ஓட்டையில் குச்சி இருந்தால் சுவரில் ஒன்றும் இல்லை, முழு இருட்டு. உதவி கேட்க வேண்டுமானால் நான் குருடாக வேண்டும். யாராவது வருகிறார்களா என்று பார்க்க வேண்டுமானால் கேட்பதை நிறுத்த வேண்டும். ஆட்டுவேன், உருவுவேன், திரும்பிச் சுவரைப் பார்ப்பேன். சிவப்புப் புடவை அடுப்படியில். மறுபடி நுழைப்பேன், ஆட்டுவேன், உருவுவேன். சிவப்புப் புடவை பாத்திரம் கழுவியது. எத்தனை தடவை என்று தெரியாது. ஒரு தடவை உருவித் திரும்பியபோது சிவப்புப் புடவை அசையாமல் நின்றது. கை எதையோ தலைக்குமேல் நிழலுக்குப் பிடித்திருந்தது. இந்தப் பக்கம்தான் பார்க்கிறது. குச்சியைச் செருகி, உடம்பில் இருந்த எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டினேன். அப்புறம் உருவிவிட்டு, ஓட்டையில் காதை வைத்தேன்.

"அண்ணா... இன்னா ஒன் வண்டிலேர்ந்து குச்சி நீட்டிகினு ஆடுது?"

"எந்தக் குச்சி?" கீழேயிருந்து டிரைவரின் குரல், தூக்கத்தில்.

"எயுந்து வந்து பாருண்ணா. உள்ள போவுது, வெளிய வருது."

"காலிப் பொட்டிம்மா. பெருச்சாளி இருக்கும். கொஞ்ச நேரமா கட்டைய உருட்டிகினு இருக்குது."

"பெருச்சாளி குச்சி புடிச்சி ஆட்டுமா?"

வாயை ஓட்டையில் வைத்தேன். "அம்மா" என்றேன்.

வெளியே பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது.

"யாரு? யார்ரா உள்ள?" டிரைவரின் குரல் இப்போது தூரத்திலிருந்து வந்தது. ஓடியிருக்கிறார்.

"நான்தான்."

"நான்தான்னா?"

நான் யார் என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டிய அவசரத்தில் எனக்குத் தோன்றிய ஒரே விடை, "மூக்கு" என்பது. அதைச் சொல்லாமல் இருக்கும் அளவுக்குப் புத்தி மிச்சமிருந்தது. "ஆம்பூர் கம்பெனி. செக்கிங். தண்ணி" என்றேன்.

"ஐயோ, தோல் வந்த பொட்டிம்மா அது. உள்ள இன்னா பூந்துகிச்சோ. நான் தொறக்கமாட்டேன். போலீசுக்குப் போன் போடு."

"தண்ணி கேக்குதுண்ணா."

"தண்ணிதான் கேக்கும்! ஒனக்குத் தெரியாது!"

"ஒன் பொண்டாட்டி புள்ளைங்க நல்லா இருக்கணும்னா போய் கதவத் தொற. ஆளு செத்துப்புடுச்சின்னா அப்பறம் மெய்யாவே பேய்தான் ஆவும், ஒன் வண்டியவேதான் சுத்தும்."

அந்த வாதம் எடுபட்டது. கைப்பிடி திரும்பும் சத்தம் கேட்டது. வெளிச்சம் ஒரு கோடாகி, ஒரு பலகையாகி, உள்ளே விழுந்தது. டிரைவர் ஜாக்கி ராடைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். நான் சட்டையில்லாமல் நாலு காலில் தவழ்ந்து வந்தேன். அவருக்கும் எனக்கும் யாருக்கு நடுக்கம் ஜாஸ்தி என்று சொல்வது கஷ்டம்.

கடைக்காரம்மா ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கொட்டினார். பிறகு உப்புப் போட்ட மோரைச் சொம்பில் கொடுத்தார். "மொடக் மொடக்னு குடிக்காத சார். கொஞ்சம் கொஞ்சமா." நான் கேட்கவில்லை, எல்லாம் வெளியே வந்தது. மறுபடி கொடுத்தார். டிரைவர் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "சார், ஓகேன்னு எழுதியிருந்திச்சே சார், ஓகேன்னு எழுதியிருந்திச்சே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

"நாந்தான் எழுதுனேன்" என்றேன்.

அவருடைய போனில் பாயைக் கூப்பிட்டோம். பாய், "யா அல்லா" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் கார் அனுப்பறேன்." அதற்குப் பிறகு, தயங்கித் தயங்கி, "பொட்டி... எப்டி இருக்கு?" என்று கேட்டார். நான் அவரைத் தப்பாக நினைக்கவில்லை. கார்ட்டன்கள் மாலைக்குள் தயாராகிவிடும், கப்பல் யாருக்காகவும் நிற்காது, வேறு பெட்டி சென்னையிலிருந்து வர நேரமில்லை.

"ஒரு ஓட்டை" என்றேன். "இடது பக்கம்."

"ஒண்ணுதானே? அடைச்சிடலாம்."

ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று பாய் சொன்னார். நான் கம்பெனிக்குப் போனேன். வீரத்தால் அல்ல. வீட்டுக்குப் போனால் மறுநாள் திரும்ப மாட்டேன் என்று எனக்குத் தெரியும். வேறு வேலைக்கு எனக்கு வேறு உறுப்பு இல்லை.

வெயில் இறங்கியிருந்தது. டிரெய்லர் கோடவுன் வாசலில் நின்றது. வெல்டர் ஏணி போட்டு ஓட்டையை வெளியிலிருந்து தகடு வைத்துப் பசை போட்டு அடைத்திருந்தார். அடைத்தது சரியா என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அப்புறம் நாற்றம். கோடவுன் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நீங்க வேணாம் சார், நாங்க பாக்கறோம்" என்றார் ஒருவர். அவருடையது முகரக்கூடிய மூக்கு அல்ல என்பது அவருக்கும் தெரியும்.

ஏணியில் ஒரு காலை வைத்தேன். அடுத்த கால் வரவில்லை. பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்ற வெட்கம்கூட உதவவில்லை.

டிரைவர் வந்தார். என் கையைப் பிடித்து விரித்து, வண்டிச் சாவியை உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"இது ஒங்ககிட்ட இருந்தா வண்டி எங்க சார் போவும்?"

அவ்வளவு எளிதான ஒன்று இத்தனை நாள் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஆனாலும் கால் வரவில்லை. அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு, "சரி, நானும் வர்றேன் சார். வாங்க" என்று எனக்கு முன்னால் ஏறினார். ஏறி நின்று கை நீட்டினார். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார்.

கதவு சாத்தப்பட்டது. கைப்பிடி விழுந்தது. நான் சாவியை, பல் உள்ளங்கையில் பதியும்படி இறுக்கிப் பிடித்தேன்.

இருட்டு. நான் அதுவரை பார்த்ததிலேயே முழுமையான இருட்டு. இடது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் பார்த்தேன். சுவர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. குன்றும் இல்லை, கொட்டகையும் இல்லை. வெல்டர் ஒழுங்கான வேலைக்காரர். பக்கத்தில் டிரைவர் மூச்சு வாங்குவது கேட்டது. அவருக்கும் இப்போதுதான் புரிகிறது என்று தோன்றியது.

"சார்..."

"ம்."

"எதுனா தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல."

"அப்ப நல்ல பொட்டியா?"

"நல்ல பொட்டி."

"பொறப்படலாமா சார்?"

"நாத்தம் பாக்கணும். இன்னும் கொஞ்ச நேரம்."

இருட்டில் அவருடைய கை துழாவி வந்து என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது. நான் விடச் சொல்லவில்லை. மூச்சை இழுத்தேன். பெட்டியில் எந்த வாடையும் இல்லை, எங்கள் இரண்டு பேரின் வியர்வையைத் தவிர.